1967 கமாரோவுக்குப் பின் ஸ்பிரிங் மாற்றும் முன்

கேள்வி இதுதான்: 1967 செவ்ரலே கமாரோ. உள்ளே 350 கன அங்குல வி8, நான்கு கியர் மேனுவல். பின்பக்கம் இன்னும் தொழிற்சாலையில் போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். இடது பின்மூலை ஒரு அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. சிக்னலில் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கின்றன. கடையில் கிடைப்பதிலேயே விறைப்பான ஐந்து பட்டை ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டால் இரண்டு பிரச்சினையும் தீருமா?

குதிப்பது பெரும்பாலும் குறையும். சாய்வு தீரலாம், தீராமலும் போகலாம். ஆனால் "இருப்பதிலேயே விறைப்பானது" மட்டும் வேண்டாம். அந்தத் தப்பை நான் செய்து, காசையும் ஒரு கோடைகாலத்தையும் தொலைத்திருக்கிறேன்.

முதலில் இந்தக் காரின் அமைப்பு. அதே கம்பெனியின் செவெல், அதன் உறவுக்காரரான போன்டியாக் ஜிடிஓ ஆகியவற்றின் பின்பக்கம் இருப்பது சுருள் ஸ்பிரிங். சுருள் எடையை மட்டும் தாங்கும். ஆக்ஸிலை இடத்தில் பிடித்து வைக்க நான்கு கைகள் தனியாக உண்டு. கமாரோவில் அந்தக் கைகளே கிடையாது. எடையைத் தாங்குவதும் அதே பட்டைதான், ஆக்ஸில் முன்பின் நகராமல், பக்கவாட்டில் ஒதுங்காமல், முறுக்கிக்கொண்டு சுழலாமல் பிடிப்பதும் அதே பட்டைதான். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நம் ஊர் அம்பாசடரின் பின்பக்கமும் இதே கதைதான். ஆகவே ஸ்பிரிங் மாற்றுகிறேன் என்று நீங்கள் சொல்லும்போது, எடை தாங்குகிறவனையும் ஆக்ஸிலைப் பிடிக்கிறவனையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள். இருவருக்கும் வேண்டியது ஒன்றல்ல. எடை தாங்குகிறவன் கொஞ்சம் மென்மையாக இருந்தால் நல்லது. பிடிக்கிறவன் விறைப்பாக இருக்க வேண்டும்.

ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் செவ்ரலேவில் 1962இல் செவி 2 என்ற சிறிய காரோடு வந்தது. நடுவில் தடித்து, இரு முனைகளை நோக்கி மெலிந்து போகும் ஒரே இரும்புப் பட்டை. பட்டையோடு பட்டை உரசாததால் கிறீச் சத்தம் இல்லை, எடை குறைவு, சிறு குண்டுகுழிகளில் மெத்தென்று போகும். மோசமான யோசனை என்று யாரும் சொல்ல முடியாது. 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங்கை இறக்கிவிட்டு விற்றுத் தள்ள, அதற்குப் பதிலாக 1966 செப்டம்பரில் கமாரோ கடைக்கு வந்தபோது இதே ஒற்றைப் பட்டையோடுதான் வந்தது. ஆறு சிலிண்டர் கமாரோவுக்கு அது போதும். ஆனால் அதே வருடமே 396 கன அங்குல எஞ்சினையும் அதே உடலுக்குள் இறக்கினார்கள். அங்கேதான் சிக்கல்.

குதிப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்ஸில் ஹவுசிங் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குள் கொண்டுபோகும் சிறு பல்சக்கரமான பினியனின் மூக்கு மேலே எழும். பட்டை அதோடு சேர்ந்து வளையும்: ஆக்ஸிலுக்கு முன்னால் உள்ள பாதி மேலே புடைக்கும், பின்னால் உள்ள பாதி கீழே தொய்யும், படுத்த பாம்பு மாதிரி. எவ்வளவு முறுக்கைத்தான் தாங்கும்? ஒரு கட்டத்தில் டயரின் பிடி விட்டுப்போகும். உடனே பட்டை விடுபட்டுப் பழைய நிலைக்குத் துள்ளும். டயர் மறுபடி தரையைப் பிடிக்கும், மறுபடி முறுக்கு ஏறும். இது ஒரு நொடிக்குள் பலமுறை நடந்தால் அதுதான் உங்கள் தடதட. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் டிரைவ் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் சுழல்தண்டு) மூட்டான யூனிவர்சல் ஜாயிண்ட்டும் பினியன் பல்லும் உடைவது இந்தத் துள்ளலில்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. டிரைவ் ஷாஃப்ட் தன் முறுக்கால் ஆக்ஸிலையே ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கும். பின்னாலிருந்து பார்த்தால் வலது சக்கரத்தைத் தூக்கும், இடது சக்கரத்தைத் தரையில் அழுத்தும். அதனால்தான் இந்தக் கார்களில் முதலில் வழுக்குவது எப்போதும் வலது டயர். 1967இல் பலம் கூடிய சில கமாரோக்களுக்கு வலது பக்கம் மட்டும் ஒரு தடியைப் பொருத்தி ஆக்ஸிலை இழுத்துப் பிடித்தார்கள். டாட்ஜ், பிளிமத் ஆட்கள் இதையே வேறு விதமாகச் செய்தார்கள்: ஆக்ஸிலைப் பட்டையின் நடுவில் உட்கார வைக்காமல் முன்னுக்குத் தள்ளி, முன்பாதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் ஆக்கிக்கொண்டார்கள். பெரிய எஞ்சின் வண்டிகளில் வலப்பக்கப் பட்டைக் கட்டும் இடப்பக்கக் கட்டும் ஒரே மாதிரிகூட இருக்காது. அந்தக் காலத்து டிராக் பந்தயத்தில் அவர்கள் கொடி பறந்ததற்கு எஞ்சினோடு இந்தப் பட்டைக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

செவ்ரலேவும் சும்மா இருக்கவில்லை. 1968 மாடலில் பலமான கமாரோக்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங் வந்தது. ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்போது ஒரு ஷாக் அழுந்த, இன்னொன்று இழுபட, துள்ளல் அடங்கும். தொழிற்சாலையே ஒரே வருடத்தில் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரிதான். உங்களுடையது அந்த ஒப்புதலுக்கு முந்தைய வருடத்து வண்டி. ஆகவே பல பட்டைக்கு மாறுவது சரியான முடிவே.

சரி, எந்தப் பல பட்டை? இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். உயரம் வேறு, விறைப்பு வேறு. பட்டையின் வளைவு வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைச் சொல்லும். பட்டையின் தடிப்பும் எண்ணிக்கையும் ஒரு அங்குலம் அழுத்த எத்தனை பவுண்டு வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால்தான் குழப்பம்.

உங்கள் வண்டிக்கே கணக்குப் போடலாம். மொத்த எடை ஏறக்குறைய 3,300 பவுண்டு. அதில் 44 சதவீதம் பின்னால் என்று வைத்தால் 1,450. ஆக்ஸில், சக்கரம், பிரேக் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 300 பவுண்டு. அது ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் கழித்துவிடுங்கள். மிச்சம் 1,150, பக்கத்துக்கு 575. அங்குலத்துக்கு 125 பவுண்டு விறைப்புள்ள ஸ்பிரிங் என்றால் அந்த எடையில் 4.6 அங்குலம் அமுங்கும். அதே வளைவில் 175 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் 3.3 அங்குலம்தான் அமுங்கும். அதாவது நீங்கள் கேட்காமலேயே வண்டியின் பின்பக்கம் ஒண்ணேகால் அங்குலத்துக்கு மேல் தூக்கிவிடும். "விறைப்பான ஸ்பிரிங் போட்டேன், பின்பக்கம் பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி நிற்கிறது" என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் இந்தக் கழித்தல் கணக்கைத் தவறவிட்டவர்கள்.

பயணம் எப்படி இருக்கும் என்பதையும் இதே எண்களிலிருந்து எடுக்கலாம். 125 பவுண்டில் பின்பக்கம் நொடிக்கு 1.5 தடவை ஆடும். இந்த மாதிரிக் காருக்கு இதுவே கொஞ்சம் விறைப்புதான். 175இல் 1.7. 200 பவுண்டில் 1.85, 2ஐத் தாண்டினால் பந்தய வண்டி. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம், முதுகுத்தண்டில் பார்த்தால் பெரிய வித்தியாசம். தடிப்பு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்: பட்டையின் தடிப்பு மும்மடிப் பெருக்கமாக வேலை செய்யும். 10 சதவீதம் தடித்தாலே விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும். அதனால் "ஐந்து பட்டை" என்ற எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். மெல்லிய ஐந்து பட்டை தடித்த மூன்றைவிட மென்மையாக இருக்கலாம். விற்பவரிடம் அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு, உயரத்தில் எத்தனை அங்குல மாற்றம் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

நான் செய்த தப்பு இதுதான். பல வருடத்துக்கு முன் என் 1969 கமாரோவுக்கு, பட்டியலில் இருந்ததிலேயே கனமான 200 பவுண்டு ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டேன். டெட்ராய்ட் பக்கம் கான்கிரீட் சாலைகளில் பலகைக்குப் பலகை இணைப்பு இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பின்சீட்டு ஒரு உதை உதைக்கும். மனைவி இரண்டு வாரம் கழித்து "இது காரா, காலி லாரியா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் ஏறவே இல்லை. அதைவிடக் கொடுமை, குதிப்பு முழுசாகப் போகவில்லை. காரணம் ஸ்பிரிங்கில் இல்லை. முன் கண் புஷ், அதாவது பட்டையின் முன்முனை வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் உறை, கிழிந்து முட்டை வடிவத்தில் கிடந்தது. அடுத்த வருடம் தொழிற்சாலை விறைப்புக்கு அருகிலுள்ள ஸ்பிரிங், புது புஷ், நல்ல ஷாக் என்று மாற்றியதும் குதிப்பும் போனது, மனைவியும் திரும்பி வந்தாள். காருக்குள்ளே என்று சொல்கிறேன்.

ஆகவே சாலையில் ஓட்டும் வண்டிக்கு என் பரிந்துரை, 130லிருந்து 150 பவுண்டுக்குள் பல பட்டை. முன்பாதியில் பட்டைகளை நெருக்கமாகக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகளும், பின்பாதியில் தளர்வும் இருந்தால் இன்னும் நல்லது. முறுக்கைத் தாங்குவது முன்பாதிதான், மெத்தென்று போக உதவுவது பின்பாதி. முதலில் சொன்ன இரண்டு ஆட்களையும் ஒரே கட்டில் சமாதானப்படுத்தும் வழி இது.

இப்போது அந்த ஒரு அங்குலச் சாய்வு. புது ஸ்பிரிங் வாங்கும் முன் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சமதளம், டயர்களில் ஒரே காற்று, அரை டேங்க் பெட்ரோல். வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டி நிறுத்துங்கள், ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்காதீர்கள். நான்கு சக்கர வளைவு விளிம்புகளுக்கும் தரையிலிருந்து அளவெடுங்கள். பிறகு பின்னால் ஆக்ஸில் குழாயிலிருந்து நேர் மேலே உள்ள சட்டம் வரைக்கும் இரு பக்கமும் அளவெடுங்கள். விளிம்பு அளவு பொய் சொல்லும். அறுபது வருடத்தை நெருங்கும் வண்டியில் யாராவது ஒரு மட்கார்டைக் கோணலாக ஒட்டவைத்திருப்பார்கள்.

அடுத்து, முன்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரின் சரியான நடுவில் ஒரே ஒரு ஜாக்கி வைத்து, முன்சக்கரங்கள் தரையை விடும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஒரு புள்ளியில் நிற்பதால் முன்பக்கம் எந்தப் பக்கமும் சாய்வைத் திணிக்க முடியாது. இப்போது பின்னால் மறுபடி அளந்து பாருங்கள். சாய்வு அப்படியே இருந்தால் குற்றவாளி பின் ஸ்பிரிங். சாய்வு மறைந்துவிட்டால் முன் சுருள்களில் ஒன்று வண்டியை நெம்பிக்கொண்டிருக்கிறது. பின்னால் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அது நேராகாது.

குறுக்கு வழிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றடிக்கும் ஷாக் வேண்டாம். எடை தாங்க வடிவமைக்காத ஷாக் மவுண்டின் மேல் வண்டியின் பாரத்தை ஏற்றுவீர்கள், தகடு கிழியும். பட்டையின் பின்முனையை உடலோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டால் பின்பக்கம் உயரும், கூடவே பக்கவாட்டில் தள்ளாடும். தாழ்த்துவதற்காக ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது சாதாரண வண்டியில் பரவாயில்லை. குதிக்கும் வண்டியில் அது முறுக்குக்குக் கூடுதல் நெம்புகோலைக் கொடுத்த மாதிரி.

பட்டைக்கு அடியில் பொருத்தும் டிராக்‌ஷன் பார் பற்றியும் கேட்பீர்கள். பழைய பாணியில் முன்முனையில் ரப்பர்க் கட்டை இருக்கும். அது முன் கண்ணுக்கு நேர் கீழே மோத வேண்டும், பட்டையின் நடுவில் மோதினால் பட்டை அங்கேயே வளைந்து போகும். கால்ட்ராக்ஸ் என்ற பெயரில் விற்கும் வகை இன்னும் புத்திசாலித்தனமானது: ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும் விசையையே எடுத்து, ஒரு சிறு நெம்புகோல் வழியாகப் பட்டையின் முன்பாதியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். ஆனால் உங்கள் 350க்குச் சாதாரணச் சாலை டயரோடு இது இப்போதைக்குத் தேவையில்லை. ஒட்டும் டயர் போடும் நாளில் யோசிக்கலாம்.

வேலைக்கு வருவோம். ஒற்றைப் பட்டையிலிருந்து பல பட்டைக்குப் போகும்போது பழைய சாமான் எல்லாம் பொருந்தாது. கட்டு தடிப்பாக இருப்பதால் பிடிக்கும் போல்ட்டுகள் நீளமாக வேண்டும். கீழ்த் தட்டும் ரப்பர்ப் பேடுகளும் பல பட்டைக்கானவையாக இருக்க வேண்டும். மாற்றுக் கிட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஷாக்கிளும் புஷ்ஷும் புதிதாகவே இருக்கட்டும்.

புஷ் எது? முன் கண்ணில் பாலியூரித்தேன் போடலாம், ஆக்ஸில் முன்பின் அசையாது. பின்னால் ரப்பரே இருக்கட்டும். வண்டி வளைவில் சாயும்போது பட்டை கொஞ்சம் திருகிக்கொள்ள வேண்டும். இரு முனையிலும் கெட்டியான புஷ் இருந்தால் திருக இடமில்லாமல் இறுகிக்கொள்ளும், நீங்கள் வாங்காத விறைப்பு ஓசியில் வந்து சேரும்.

வேலையில் உயிரை எடுக்கப்போவது முன் மவுண்ட். பட்டையின் முன் கண் ஒரு இரும்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டி மூன்று போல்ட்டில் உடலோடு இணைந்திருக்கும். போல்ட்டு ஏறும் நட்டுகள் உடலுக்குள்ளே, மெல்லிய தகட்டுக் கூண்டில் சிறைப்பட்டிருக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரில் ஓடிய வண்டியென்றால் அந்தக் கூண்டு துருவில் உதிர்ந்திருக்கும். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் போல்ட்டு லேசாகச் சுற்றும், "ஆஹா, கழன்றுவிட்டது" என்று மனசு குளிரும். உண்மையில் உள்ளே நட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். நாள் முழுக்கச் சுற்றினாலும் வெளியே வராது. என் வண்டியில் வலது பக்கம் இரண்டு நட்டு இப்படிப் போயின. கடைசியில் பின்சீட்டை எடுத்துவிட்டு, தரைத் தகட்டில் ஒரு சிறு ஜன்னல் வெட்டி, மேலிருந்து நட்டைப் பிடித்துக்கொண்டுதான் கழற்ற முடிந்தது.

அந்த நிலை வராமல் இருக்க, வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு இளக்கி எண்ணெய் அடியுங்கள். வேலை நாளில் போல்ட்டைக் கால் சுற்றுக் கழற்றி, மறுபடி இறுக்கி, மறுபடி கழற்றி என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். போல்ட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கியை அந்த மூன்று போல்ட்டில் மட்டும் வைக்காதீர்கள். கேஸ் கட்டரும் கூடாது. பின் ஷாக்கிளுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

வண்டியை உடலில் தாங்கும்படி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஆக்ஸிலுக்கு அடியில் தனி ஜாக்கி கொடுங்கள். பிரேக் ஹோஸில் ஆக்ஸில் தொங்கக்கூடாது. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அப்புறம் மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்ஸில் எந்தப் பக்கம் உருளும் என்று சொல்ல முடியாது. பட்டையின் சென்டர் போல்ட்டுத் தலை ஆக்ஸில் இருக்கையின் துளைக்குள் முழுசாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது அரைகுறையாக உட்கார்ந்தால் ஆக்ஸில் கோணலாகி வண்டி நண்டு மாதிரி ஓடும்.

ஷாக்கிள் போல்ட்டையும் முன் கண் போல்ட்டையும் இப்போதைக்குக் கையால் திருகிய அளவிலேயே விட்டுவிடுங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, முழு எடையும் நிற்கும்போதுதான் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரமும் பொய்யாக வரும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். உங்கள் பழைய ஸ்பிரிங்கின் சாய்வுக்கே இப்படி யாரோ இறுக்கியது காரணமாக இருக்கலாம். புதுசு வாங்கும் முன் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, எடையோடு மறுபடி இறுக்கிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

கடைசியாகப் பினியன் கோணம். புது ஸ்பிரிங் உயரத்தை மாற்றியிருந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் மாறியிருக்கும். ஒரு கோண அளவி போதும். கியர்பாக்ஸின் வால் எத்தனை டிகிரி கீழ்நோக்கி இருக்கிறது என்று பாருங்கள். பினியன் அதற்கு இணையாக நிற்கும் நிலையிலிருந்து 2 டிகிரி போல மூக்கைத் தாழ்த்தி இருக்கட்டும். முறுக்கில் மூக்கு மேலே எழும்போது இரண்டும் இணைக்கு வந்துவிடும். தேவைப்பட்டால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைக்கலாம். அப்போது சென்டர் போல்ட்டுத் தலை ஆப்பைத் தாண்டித் துளையை எட்டுகிறதா என்று மறுபடி பாருங்கள். வேகத்தில் அடித்தளத்திலிருந்து ஒரு அதிர்வு வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

புதுப் பட்டை முதல் சில நூறு மைலில் கொஞ்சம் இறங்கி உட்காரும். அதனால் முதல் நாளே "உயரமாக இருக்கிறதே" என்று பதறிப்போய் எதையும் கழற்ற வேண்டாம். 100 மைல் ஓடியதும் ஆக்ஸிலைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கட்டாயம் கொஞ்சம் திரும்பும்.

ஜாக்கிச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும், முன் கண் புஷ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுப்பது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.